வெட்டுக்கூலி

இடுப்பு நிமிர மறுத்தது. காலையிலிருந்து தேனீப்பெட்டி இடுக்குகளில் தேனீக்கள் பூசிவைத்த பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மினாஸ் மலையில் பிசின் பச்சையாக இருந்தால்தான் விலை. தேனீக்கள் அந்தப் பச்சையை எடுக்கும் அலெக்ரிம் செடிகளை, களையென்று நினைத்துப் பக்கத்து மாட்டுக்காரன் ஒஸ்மார் போன மாதம் வெட்டித் தள்ளியிருந்தான்.

பிசினை விற்க அவன் வண்டியில்தான் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவனைக் கழுதையென்று திட்டினேன்.

சோதனைக்காரி சிலெனி பிசின் கரைசலை ஊதா மருந்தில் சொட்டினாள். ஊதா வெளுத்து மஞ்சளானது.

"உடம்பு துருப்பிடிக்காம காக்குற சத்து போன தடவையைவிட ஜாஸ்திண்ணே, விலையும் கூடும்! செடியை வெட்டிவிட்டீங்களா? புதுக்கொழுந்துலதான் அது கூடுதல்."

ஒஸ்மார் நெஞ்சை நிமிர்த்தினான். "கழுதைன்னியேடா! வெட்டுக்கூலி எடு."

"எவ்வளவுடா?"

"ஒரு பாட்டில் கஷாசா. நல்ல கரும்புச் சரக்கா இருக்கணும்."

சரியென்று சிரித்தேன். அந்தப் பாட்டில் இன்னும் பாக்கி.