ஊறப்போட்ட வேர்கள்

ஆஸ்பத்திரியில் கொடுத்த மனைவியின் பையை மடியில் கவிழ்த்து அவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சீப்பு, பாதி தின்ற பிஸ்கட், மண் ஒட்டிய கையுறை. காலையில் இந்தப் பையை மாட்டிக்கொண்டு, "வரேன்" என்று படியிறங்கியவள், பஸ் நிறுத்தத்திலேயே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். வேலையிடத்தில் லிப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்த அவர், கை நிறைய கிரீஸோடு ஓடிவந்தார். இன்னும் கழுவவில்லை. அழவுமில்லை.

மனைவியோடு ஆராய்ச்சி செய்யும் பெண் எதிரே நெளிந்தபடி நின்றாள்.

"இந்த நேரத்துல கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்கண்ணா. அக்கா நேத்து வேரையெல்லாம் வெளுக்கறதுக்குக் காரத்தண்ணியில ஊறப் போட்டாங்க. இன்னிக்கு எடுக்கலைன்னா கூழாயிடும். அத வச்சிருக்கற அலமாரி சாவி அவங்ககிட்டதான்."

"வேற வேர் கெடைக்காதா?"

"வேர் எடுத்த புல்வெளிய உழுதுட்டாங்கண்ணா. இதான் கடைசி."

சாவி கிடைத்தது. கொடுக்காமல், தானே எழுந்தார்.

"போயிட்டு வாங்க மாமா," என்றான் மனைவியின் தம்பி. "பாடி குடுக்க நேரமாகும். நான் இருக்கேன்."

பாடி என்று யாரைச் சொல்கிறான் என்பது அவருக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெண் வேர்களை அலசி, பேனா மையும் வினிகரும் கலந்து சூடுபண்ணி அவற்றுக்குச் சாயமேற்றினாள். புளித்த வாடை பரவியது. வீட்டு வினிகர் காணாமல் போகும்போதெல்லாம், "உன் காளானுக்கு ஊறுகாய் போடறியா?" என்று மனைவியைக் கேட்பார். "காளான் இல்ல, வேர்ப்பூஞ்சை. எத்தன தடவ சொல்றது!" என்று அவள் கரண்டியை ஓங்குவாள். நாலு வருஷமாக இதே சண்டை.

"பாக்கறீங்களாண்ணா?"

ஸ்டூலில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் குனிந்தார். கண்ணாடி போல் வெளிறிய வேர். அதற்குள்ளே நீல இழைகள், தலைமுடியைவிட மெல்லிசாக, கிளைவிட்டு, மறுபடி கிளைவிட்டு.

"இந்த நீலந்தான் பூஞ்சை. மண்ணுலேர்ந்து சத்தெடுத்துப் புல்லுக்குக் குடுக்கும். பதிலுக்குப் புல்லு சர்க்கரை குடுக்கும்."

"நல்லா வந்திருக்கா?"

"ரொம்ப நல்லா வந்திருக்குண்ணா."

"அப்போ அவளுக்கு உடனே போன் பண்ணிச் சொல்லிடு. ராத்திரி பூரா தூங்காம கெடந்தா."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தலை நிமிரவில்லை. காதுவரை சூடேறியது மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கூனிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, ஸ்டூலை இறக்கி விடட்டுமா? அது அக்கா உயரத்துக்கு வச்சது," என்றாள்.

"வேண்டாம்மா."

முழங்கால் மேசையில் இடித்தது. கால்களை ஒடுக்கிக்கொண்டு, அடுத்த வேரை வைக்கச் சொன்னார்.