மூன்றாம் நம்பர் கணினியில் பெண் பார்த்தது

சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது. ஆகவே மன்னார்குடியில் ஹாஜா மைதீனின் பிரவுசிங் சென்டரிலேயே பெண் பார்ப்பது என்று முடிவாயிற்று.

லின்சி மூன்றாம் நம்பர் கணினிமுன் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகளில் அப்பா சிங்கராயரும் அத்தை ஆரோக்கியமும். மாப்பிள்ளைக்கு நீட்ட வழியில்லாத கேசரி ஹாஜா மைதீனுக்குப் போயிற்று.

அந்தக் கணினியில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்தன. விண்டோஸுக்கு வைரஸ் பிடித்திருந்ததால் அன்று லினக்ஸின் முறை. சாட் வேலை செய்தது. தமிழ் எழுத்துரு மட்டும் இல்லை.

அப்பா சொல்லச் சொல்ல லின்சி ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாள். எந்தப் பங்குக் கோயில், பூர்வீகம் எது, குடி உண்டா. மாப்பிள்ளை ஆண்டனியும் அப்படியே பதில் தந்தான். திடீரென்று ஒரு வரி, பொருளில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுந்தது.

"என்னம்மா இது, பதரும் நெல்லுமா?"

"ஃபான்ட் இல்லப்பா."

பொய்யில்லை. அவன் தமிழ் எழுத்துருவில் அடித்தது இங்கே அப்படித்தான் தெரியும். ஆனால் தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவளுக்கு, எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று விரல்களே சொல்லிவிடும். மடியில் விரல்களை அசைத்து வாசித்தாள்: 'கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகமாட்டீர்கள் என்று உங்கள் அப்பா சொன்னார். உங்கள் விருப்பமும் அதுதானா?'

திருவாரூரில் கணினி சொல்லித்தருபவளின் வேலைக்குப் போகும் உரிமையை அப்பா தாரை வார்த்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதே தட்டச்சில் பதில் அடித்தாள்: 'இல்லை. அது அப்பாவின் விருப்பம். அங்கே வந்தாலும் வேலைக்குப் போவேன்.'

"நீயும் கிறுக்குற?" என்றாள் அத்தை.

"சரியாகுதான்னு பாக்குறேன் அத்தை."

கேசரி தின்ற கடமையுணர்ச்சியோடு ஹாஜா மைதீன் ஒரு பிளாப்பியுடன் வந்தார். "ஃபான்ட் இதுல இருக்கும்மா. சாட்டை மூடாமலே ஏத்திடலாம். பழைய வரியும் சேர்ந்து தமிழாயிடும்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஆண்டனிக்கு அது தமிழாகத்தான் தெரிகிறது. மறைந்திருப்பது இந்த இரண்டு நாற்காலிகளுக்கு மட்டும். கடல் தாண்டிச் சொல்ல முடிந்தது, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வரவில்லையே என்று யோசித்தாள்.

"ஏத்துங்க பாய்."

திரை தலைகீழானது. ஆங்கில எழுத்தில் அடித்த அப்பாவின் கேள்விகள் எல்லாம் அர்த்தமற்ற தமிழ் எழுத்துகளாகக் குழம்பின. பங்கும் பூர்வீகமும் காணாமல் போயின. வாசிக்கக் கிடைத்தவை அந்த இரண்டு வரிகள் மட்டும்.

சிங்கராயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். அத்தை மின்விசிறியைப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலியேப்பா."

அவர் எதுவும் சொல்வதற்குள் அடுத்த வரி வந்தது, இம்முறை எல்லோருக்கும் தெரியும் தமிழில்: 'நல்லது. இந்த ஊர் வாடகைக்கு ஒரு ஆள் சம்பளம் காணாது. மாமாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் உங்களிடம் கேட்டேன்.'

சிங்கராயர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாமா படிச்சிட்டாருன்னு அடி."