கோட்டுக்குள் இருந்த ரேடியோ

ரேடியோக்காரரை நான் நம்புவதில்லை. கண்ணாடி அறைக்குள் நிறுத்தி வாசிக்கச் சொல்வார்கள். அது வெளியே போகிறதா இல்லையா என்று யார் கண்டது?

தொண்ணூற்று நாலாம் ஆண்டு, கனடாவில், நத்தார் என்கிற கிறிஸ்மஸ் நடனத்துக்கு ஒஷாவா மண்டபத்தார் இசைக்குழு தேடினார்கள். ஸ்காபரோத் தமிழ் ரேடியோவில் இரண்டு குழு வாசிப்பது, எந்தக் குழுவுக்கு அதிகம் போன் அழைப்பு வருகிறதோ அதற்கே நடனம் என்று பேச்சு. எதிர்க்குழு என்பது துஷாந்தும் அவனுடைய கீபோர்ட்டும். தாளத்தையும் அதுவே போடும், வயலினையும் அதுவே இழுக்கும். நாங்கள் ஐந்து பேர், ஊரில் எல்லாரையும் எழுந்து ஆடவைக்கும் பைலாப் பாட்டை முப்பது வருடமாக வாசிக்கிறவர்கள். அந்த வருடம் எங்களை ஒரு கலியாணத்துக்கும் கூப்பிடவில்லை. இதுவும் போனால் குழுவைக் கலைப்பது என்று முடிவு.

அந்த நாளில் தமிழ் ரேடியோ கேட்க ஒரு தனி ரேடியோப் பெட்டி விற்றார்கள். அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். வாசிக்கும்போதே கேட்டால் கள்ளம் பிடிபடும் அல்லவா?

சிவப்பு விளக்கு எரிந்தது. வலக்கையால் றம்பெற்றை ஊதிக்கொண்டே இடக்கையால் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினேன்.

ஊஊஊய்!

மைக்கும் பெட்டியும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஊளையிட்டன. ட்றம்ஸ் அடிக்கும் ஜெயரட்ணம் வெருண்டு தாளத்தை இரட்டிப்பாக்கினான்.

"நீக்கிலாப்பிள்ளை அண்ணை, உதை நிப்பாட்டுங்கோ!"

"திருகு கழண்டு கையில வந்திட்டுது. நீ அடியடா!"

கோட்டை மூடினால் ஊளை தணிந்தது, திறந்தால் எகிறியது. அட, இதையும் வாசிக்கலாம் போல இருந்தது. ஆறு நிமிடம் மூடித் திறந்து, மூடித் திறந்து ஊதித் தள்ளினேன்.

பாட்டு முடிய அறிவிப்பாளர் செரீனா ஓடி வந்தாள். பிடித்துத் தள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அங்கிள், எல்லா லைனும் அடிக்குது! உது என்ன புது மெஷின் எண்டு பிறம்ரனில இருந்தும் கேக்கினம்."

"மெஷின் இல்லைப் பிள்ளை, கோட்டு."

"என்னவோ, இன்னொருக்கா வாசியுங்கோ! பழைய பைலா எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, போனை வச்சிடுவினம்."

வாசித்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துஷாந்த், தான் எதிர்க்குழு என்பதையும் மறந்து ஆடினான்.

அழைப்பு அவனுக்கு முப்பத்தொன்று, எங்களுக்கு நாற்பத்தாறு என்றாள் செரீனா. நான் நம்பவில்லை. தாளைப் பறித்து இரண்டு தரம் எண்ணினேன். நாற்பத்தேழு இருந்தது.

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்துப் பனிக்குள் ஐந்து பேரும் கைகோத்து ஆடினோம். முப்பது வருடமாக ஊர் ஆட நாங்கள் வாசித்தோம், நாங்கள் ஆடியது அன்றைக்குத்தான். ஜெயரட்ணத்துக்கு ஆடவே தெரியாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.