பூட்டுக்காரர் வீட்டுக்கு ஒரு பூட்டுப்பெட்டி

பூச்சிமருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால், மனசு உடைந்த நேரத்தில் ஒருவர் அதை எடுத்துக் குடிப்பது குறையுமா? இதுதான் ஆராய்ச்சி. பெட்டி கொடுக்க வேண்டிய வீடுகளைப் பேராசிரியர் குலுக்கல் போட்டு எடுத்தார். குலுக்கல் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? பூட்டு ரிப்பேர் செய்கிறவர் வீட்டில்! எந்தப் பூட்டையும் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற மனுஷன்.

“வேற வீடு பாக்கலாமே சார்” என்று கெஞ்சினாள் ஆராய்ச்சி மாணவி.

“குலுக்கல்ல வந்ததை மாத்தக்கூடாதும்மா.”

அவருக்கென்ன, நாற்காலியில் சாய்ந்தபடி சொல்லிவிடுவார். போன வருஷம் பூட்டுக்காரர் தோட்டத்து மருந்தைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பேட்டி எடுத்தவள் இவள்தான். மனுஷன் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொரு தடவை என்றால்? வேறு வழியில்லாமல் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சோதனைக்குப் போனபோது பெட்டிக்குள் டிவி ரிமோட்டும் சர்க்கரை டப்பாவும் சொகுசாக இருந்தன.

“மருந்து எங்கக்கா?” பதறிப்போனாள்.

“எங்கண்ணன் வீட்ல” என்றாள் பூட்டுக்காரர் மனைவி, வெங்காயம் உரித்தபடி. “இவருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. செத்தாலும் இவரு அங்க போய் ஒண்ணு கேக்க மாட்டாரு.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது.

“போனேன்” என்றார் உள்ளேயிருந்து பூட்டுக்காரர்.

வெங்காயம் உருண்டோடியது.

“போன வாரம் மனசு சரியில்ல. அவன் வாசல்ல போய் நின்னேன். ‘எதுக்கு வந்தே?’ன்னான். மருந்து வேணும்னு சொல்ல வாய் வரல. ‘உன் பொண்ணு கல்யாண போட்டோவுல என்னை ஏன்டா தூணுக்குப் பின்னால நிக்க வெச்சே?’ன்னு கேட்டுட்டேன். அவ்வளவுதான், பிடிபிடின்னு பிடிச்சுக்கிட்டான். நான் மட்டும் விட்டுடுவேனா? இருட்டற வரைக்கும் சண்டை. வீட்டுக்கு வந்தப்புறம்தான் எதுக்குப் போனேன்னே ஞாபகம் வந்துச்சு.”

“ஞாபகம் வந்ததும்?” என்றாள் மாணவி.

“பசிச்சுது. சாப்பிட்டுப் படுத்துட்டேன்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

“நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்ணே. நானும் கூட வர்றேன்” என்றாள் மாணவி.

“நாளைக்கு எப்படி? மிச்சச் சண்டைக்கு மச்சான் இங்க வர்றானே! சாயந்தரம்னா வர்றேன்.”

மாணவி கையெடுத்துக் கும்பிட்டாள். “வாங்கண்ணே. ஆனா அவரோட மட்டும் ராசி ஆயிடாதீங்க.”