பெர்த்லாஸில் பதினொன்று நாற்பத்திரண்டு

ரயில் புறப்பட நான்கு நிமிடம் இருக்கும்போது, கார்டான என் விசிலைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள் பேத்தி நெஸ்ட். அவளுக்கு ஏழு வயது.

"கிறிஸ்துமஸ் தாத்தா கடைக்கு ஒரு ஆளாம். எல்லாம் வேஷமாம். எங்க கிளாஸ் இஃபான் சொல்றான். நெஜமா ஒருத்தர்தானா?"

"ஒரே ஒருத்தர்தான்டி."

"எது மேல சத்தியம்?"

"என் டைம்டேபிள் மேல."

விசில் திரும்பக் கிடைத்தது. அதற்கு மேல் சத்தியம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாட அட்டவணை போட்டவன் நான். ஓய்வு பெற்றதும் என் வயதுக்காரர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். நானோ, எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் சம்பளமில்லாத் தொண்டர்கள் ஓட்டும் ஆறு மைல் நீராவி ரயிலுக்கு அட்டவணை போட வந்துவிட்டேன். வாத்தியார்களைவிட ரயில் பெட்டிகள் சொன்ன பேச்சு கேட்கும். ஈஸ்டர் முட்டை ரயில், கரடிப் பொம்மை கொண்டுவந்தால் பாதிக் கட்டணம் என்று எந்த வைபவமானாலும் நேரம் குறிப்பவன் நானே. டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா பெட்டி பெட்டியாக வந்து பரிசு தரும் ரயிலுக்குத்தான் பெரிய கூட்டம். போன வருடம் வரை ஒரே ரயில். இந்த வருடம் இரண்டு விடலாம் என்றேன். ஒற்றைத் தண்டவாளம், நடுவில் பெர்த்லாஸ் நிலையத்தில் மட்டும் இரண்டு. வரைதாளில் ரயிலுக்கு ஒன்றாக நான் போட்ட இரண்டு சாய்கோடுகளும், எதிரெதிரே வரும் ரயில்கள் ஒதுங்கக்கூடிய அந்த ஒரே இடத்தில், பதினொன்று நாற்பத்திரண்டுக்குச் சரியாக வெட்டிக்கொண்டன. "ஒரு நிமிஷம்கூட வீணாகல, எம்ரிஸ்," என்று யாரையும் பாராட்டாத க்ளெனிஸே கமிட்டியில் சொன்னாள். தாளைக் கொண்டுபோய் வீட்டுச் சமையலறையில் ஒட்டினேன். என் மனைவி அதன் மேல் மளிகைப் பட்டியலை ஒட்டினாள்.

இரண்டு ரயில் என்றால் இரண்டு கிறிஸ்துமஸ் தாத்தா, இருவரும் பெர்த்லாஸில் பிள்ளைகள் முன்னால் நேருக்கு நேர் நிற்பார்கள் என்பது கமிட்டியின் பதினொரு மூளைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தபோது மணி பதினொன்று முப்பத்தாறு. ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி வெறும் கடிகாரம்தான்.

மூன்றாவது பெட்டியில் கசாப்புக்கடை ஹவெல், வெள்ளைத் தாடியும் சிவப்பு அங்கியுமாகப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தான். காதோடு சொன்னேன்.

"எந்திரி. கார்டு பெட்டிக்கு வா."

"ஏன்யா? இன்னும் பதினாலு பிள்ளைங்க இருக்கு."

"எதிர் வண்டியில பெரில் வர்றா."

"வரட்டுமே. கடிச்சா தின்னுடுவா?" என்றவன் தன் அங்கியைக் குனிந்து பார்த்தான். "அடப்பாவி மனுஷா!"

எனக்கு அவசரத்தில்தான் மூளை நன்றாக ஓடும். நிதானத்தில்தான் இந்த லட்சணம். ஹவெலை ஒளித்துவிட்டால், எங்கள் பிள்ளைகள் எதிர் ரயிலில் அதே தாடியும் அங்கியுமாக இருக்கும் பெரிலைப் பார்த்து, தாத்தா அந்த வண்டிக்குத் தாவிவிட்டார் என்று கைதட்டும். சத்தியமும் பிழைக்கும். அவனைக் கார்டு பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். இப்போதும் சொல்கிறேன், அது நல்ல திட்டம்.

ஆனால் பெரில் நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவள். ஆபத்தில் என்னைவிட வேகம். அவளும் தன் ரயிலின் கார்டு பெட்டிக்குள் ஒளிந்திருந்தாள்.

எங்கள் பெட்டிகளை யாரும் திருப்பிப் பூட்டுவதில்லை. எந்தப் பக்கம் போனாலும் இரண்டு ரயிலுக்கும் கார்டு பெட்டி கடல் பக்கத்துக் கோடியில்தான். இரண்டு ரயிலும் ஒட்டி நின்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமென்று நிற்கும் இடத்தில் வெள்ளைக்கோடு போட்டவனும் நானே. கோட்டில் இம்மி பிசகாமல் நின்றன. ஜன்னலுக்கு ஜன்னல், மூன்றடி இடைவெளியில், இரண்டு கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் ஒருவரையொருவர் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்கள்.

பின்னால் கதவு திறந்தது. நெஸ்ட். ஹவெல் அவசரத்தில் கீழே விட்ட வெள்ளைக் கையுறை அவள் கையில்.

இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கையுறையை ஹவெலிடம் கொடுத்தாள். அவனைத் தாண்டிப் போய், நுனிக்காலில் எம்பி, ஜன்னல் திரையைக் கீழே இழுத்தாள்.

"சின்னப் பிள்ளைங்க யாராவது பாத்துடப்போகுது," என்றாள்.

"நெஸ்ட், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"மணி நாப்பத்தி நாலு ஆச்சு. விசில் ஊதல?"

ஊதினேன். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினேன்.

அவள் பெட்டிக்குத் திரும்பிப் போனாள். "எங்கே? எங்கே போயிட்டார்?" என்று ஒரு சின்னப் பிள்ளை அழுதது. "இரு, வந்துடுவார்," என்றது நெஸ்ட்டின் குரல். "ஒருத்தர்தானே? எல்லா இடத்துக்கும் அவரே ஓடணும்ல."

ஹவெல் தாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். வண்டி அசைந்தது. திரையின் அடியில் விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதில் பெரிலின் சிவப்பு அங்கிக் கை எங்களுக்கு டாட்டா காட்டியபடி மெல்ல நகர்ந்து போனது.