பெரியவள் பெயர் இல்லாத சார்ட்

முந்நூற்றுப் பன்னிரண்டு டிரைவர்களை வைத்துக்கொண்டு நூற்று நாற்பது பஸ்களை எப்படி ஓட்டுகிறாய் என்று யாராவது கேட்டால், "அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, யாரு பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சா போதும்" என்பாள் அவள். டிப்போவில் டியூட்டி சார்ட் போடுகிற வேலை. பதினாறு வருஷமாக அதே மேஜை, அதே ஆடுகிற நாற்காலி. யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், யாருக்கு என்றைக்கு வார லீவு என்பதெல்லாம் அவள் போட்டு, அவள் கையாலேயே சுவரில் ஒட்டுவதுதான். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சார்ட்டக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டுமென்றால் பேரன் எடுத்தவர்கள்கூட தம்பியாகிவிடுவார்கள்.

அவளுக்குத்தான் இப்போது ஒரு வேலை தேடி வந்திருந்தது. ஒன்றரை நாள் ரயில் பயணத் தூரத்தில் ஒரு பெரிய நகரம். அங்கே புதிதாக ஒரு பஸ் கம்பெனி தொடங்குகிறார்கள், மொத்தம் தொள்ளாயிரம் வண்டி. அத்தனைக்கும் சார்ட் போடுகிற பிரிவுக்குத் தலைமை வேண்டுமாம். வீடியோவில் முக்கால் மணி நேரம் குடைந்து குடைந்து கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் நீங்கதான் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தொள்ளாயிரம் என்று கேட்டதிலிருந்து அவளுக்குக் கை துறுதுறுவென்றிருந்தது. போக ஆசை. அதில் ஒரு துளி சந்தேகம் கிடையாது. தன்னால் முடியுமா என்கிற பயமும் கிடையாது. வீடுதான் கேள்வி.

வீட்டில் அவள் பெரியவள். அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்னால் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. இப்போது கைத்தடியோடு நடக்கிறார், ஆனால் வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போயாக வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, மாதம் ஒரு தரம் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும், மயக்கம் வரும் என்பதால் தனியாக அனுப்ப முடியாது. தம்பி ஏசி மெக்கானிக், எந்த நேரத்தில் எந்த மொட்டைமாடியில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் தங்கை பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறாள். அவளுடைய ஆறு வயது மகளை மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும். இந்தப் போக்குவரத்து முழுக்க ஓடியது பெரியவள் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சார்ட்டால்தான். யாராவது கைவிரித்தால் டிப்போவில் அரை நாள் சொல்லிவிட்டு அவளே ஓடுவாள். கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லை என்று அவள் சொல்வதும், அதை ஒருவரும் நம்பாததும் பழைய கதை.

புது வேலையைப் பற்றி எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"உன் இஷ்டம், பெரியக்கா" என்றான் தம்பி, செல்போனைப் பார்த்துக்கொண்டே.

"நல்ல வேலைன்னா நல்லதுதானே" என்றாள் தங்கை.

அப்பா தொண்டையைச் செருமிவிட்டுக் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா, துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போய்விட்டாள்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. யாராவது ஒருத்தர் "போகாதே" என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு மூச்சு கத்திவிட்டு, பிறகு யோசித்திருப்பாள். "போய்ட்டு வா" என்றாவது சொல்லியிருக்கலாம். இப்படி வழவழவென்று பேசுகிறவர்களை வைத்துக்கொண்டு எதை முடிவு செய்வது?

சரி, நமக்குத் தெரிந்த வழியில் பார்ப்போம் என்று இறங்கிவிட்டாள். டிப்போவில் புது ரூட் தொடங்கும் முன் ஒரு வாரம் வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்ப்பார்கள். அதேபோல வீட்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு சார்ட் போட்டாள். அதில் எங்கேயும் அவள் பெயர் இல்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டி, குடும்பத்து வாட்ஸப் குரூப்பிலும் போட்டாள்.

"இந்த அஞ்சு நாளும் நான் ஊர்லயே இல்லன்னு நினைச்சுக்குங்க. டிப்போ போவேன், வருவேன், சாப்பிடுவேன். என்னை எதுக்கும் கூப்பிடக் கூடாது."

ஒரே நிமிஷத்தில் மூன்று கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. தம்பி ஒன்று, தங்கை ஒன்று, தங்கை புருஷன் ஒன்று. ஒரு கேள்வி இல்லை, ஒரு முனகல் இல்லை. டிப்போவில் இப்படி நடந்திருந்தால் அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கும். இது வீடாயிற்றே, கண்ணை மறைத்துவிட்டது. பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை அப்பா சட்டை மாட்டிக்கொண்டு ஒன்பதரைக்கே வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பதினொன்றரைக்குச் சட்டையைக் கழற்றினார். தம்பி ஏதோ ஓட்டலின் மாடியில் நாலு ஏசியைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தானாம். செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம். ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு பதினொரு மணி வரை காத்திருந்த அம்மா, கை நடுங்க ஆரம்பித்ததும் தானே ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துவிட்டு, பரிசோதனையே வேண்டாம் என்று படுத்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைக் கேட்டபோது பெரியவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தம்பி மேல் பாதி, தன் மேல் மீதி. செல்போனை எடுத்து, "தங்கள் வாய்ப்புக்கு நன்றி, குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று டைப் அடிக்கத் தொடங்கி, மேலே வார்த்தை வராமல் அப்படியே வைத்துவிட்டாள். காலையில் டிப்போவுக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம்.

காலையில் அனுப்ப விடாதபடி ஹாரன் வந்து நின்றார். அந்த டிரைவருக்குத் தொண்டையே ஹாரன் என்பதால் அந்தப் பெயர்.

"என்ன சார்ட்டக்கா இது? தொடர்ந்து ஆறு நாள் காலை ஷிஃப்ட்டா? என்னை என்ன சேவல்னு நினைச்சீங்களா? போன வாரமும் நான், இந்த வாரமும் நானா? வியாழக்கிழமை பதினாலாம் நம்பர் வண்டி சர்வீஸுக்குப் போகுது, அதையும் எனக்கே போட்டிருக்கீங்க. இல்லாத வண்டியை நான் தள்ளிக்கிட்டா போறது?"

அவர் சொன்னது சரி. பதினாலாம் நம்பரை அவள் கவனிக்கவில்லை. திருத்துவதற்குப் பேனாவை எடுத்தவள், எடுத்த கை எடுத்தபடி நின்றுவிட்டாள்.

இந்த மனுஷன் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். படித்தவன்தான் கத்துவான். சார்ட் ஒட்டினால் அரை மணி நேரம் டிப்போ சந்தைக்கடை மாதிரி இருக்க வேண்டும், அதுதான் நல்ல சகுனம். ஒரே ஒரு தடவை சத்தமே இல்லாமல் இருந்தது. மறுநாள் விடிகாலையில் பதினோரு வண்டி ஆளில்லாமல் நின்றது. எவனும் படிக்கவில்லை. வீட்டில் எவன் கத்தினான்? மூன்று கட்டைவிரல்!

ஏன் படிக்கவில்லை என்பதும் அவளுக்கு அங்கேயே நின்றபடி புரிந்துவிட்டது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவளே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "நாளைக்கு நீ, மறந்துடாத" என்று சொல்லிவிடுவாள். இரண்டு வருஷமாக ஃப்ரிட்ஜில் ஒட்டியதை ஒருத்தரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. வீடு சார்ட்டில் ஓடவில்லை, அவள் தொண்டையில் ஓடியிருக்கிறது. இந்த வாரம் போனை நிறுத்தினாள், வண்டியும் நின்றது. இதில் அவர்கள் தப்பு பாதிதான்.

"என்னக்கா, நான் கத்திக்கிட்டிருக்கேன், நீங்க சிரிக்கிறீங்க?" என்றார் ஹாரன்.

"நீங்க கத்துங்கண்ணே. நல்லாக் கத்துங்க" என்றாள் அவள். டைப் அடித்து வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டு கேட்டைத் திறக்கும்போதே, சேதி கேட்டு ஓடிவந்திருந்த தங்கையின் சத்தம் உள்ளே கேட்டது.

"செவ்வாய்க்கிழமை உன் பேருதானேடா போட்டிருக்கு? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? அம்மா பதினோரு மணி வரைக்கும் பட்டினி கிடந்திருக்காங்க!"

"நீ மட்டும் படிச்சியா சின்னக்கா? இன்னிக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போக வேண்டியது யாரு? இங்க பாரு, கொட்டை எழுத்துல உன் பேரு!"

"புதன்கிழமை எனக்கு எப்படிப் போடலாம்? புதன்கிழமைதான் டாக்டர் காலையிலயே வருவாரு. இதைப் போட்டவளுக்கு அறிவு வேணாம்?"

பெரியவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டாள். இதைப் போட்டவள் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அப்பாவும் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சண்டையில் குதித்தார்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. எனக்கு அந்தப் பத்து மணியே ஆகாது. ரெண்டு வருஷமா ஆகாது. குளிச்சதும் ஒரு குட்டித் தூக்கம் போடணும் எனக்கு. பதினொண்ணரைக்கு வெச்சா என்ன குடி முழுகிடும்? இன்னொண்ணு, பைக்ல பின்னால உக்காந்து இடுப்பு கழண்டு போச்சு. வாசல்ல பஸ் நிக்குது, மூணே ஸ்டாப். ஒருத்தர் ஏத்தி விட்டு, ஒருத்தர் இறக்கி விட்டாப் போதும். நூத்தி நாப்பது பஸ் ஓட்டுறாளே, பெத்த அப்பனை ஒரு நாளாவது பஸ்ல ஏத்தணும்னு தோணிச்சா அவளுக்கு?"

பிறகு தங்கை சொன்னாள், "இறங்குற ஸ்டாப்புக்கு எதிர்லதான் என் ஆஸ்பத்திரி. நான் வந்து இறக்கிக்கிறேன்." தம்பி, "பதினொண்ணரைன்னா நான் ஏத்தி விட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவேன்" என்றான். தங்கை புருஷனுக்குப் போன் போனது. அவருக்கும் நாலு திட்டு விழுந்தது. சார்ட்டில் பேனா கிறுக்குகிற சத்தம் வாசல் வரை கேட்டது.

பெரியவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே வலித்தது. தான் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்தது, தன்னைத் திட்டியபடியே ஓடத் தொடங்குகிறது என்றால் யாருக்குத்தான் வலிக்காது? உள்ளே போய்ப் பார்த்தாள். வியாழக்கிழமை மூன்றரைக்குக் குழந்தையைக் கூட்டிவர இரண்டு பேர் பெயரைப் போட்டிருந்தார்கள், ஒரே பார்வையில் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கைகால் கழுவப் போனாள்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் போய்ப் பள்ளி வாசலில் முட்டிக்கொண்டார்கள். குழந்தைக்கு ஒரே கொண்டாட்டம். அதே வியாழன் காலையில் அம்மா ரத்தமும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை. அப்பா ஏறப்போகிற ரூட்டில் அந்த நேரத்தில் வருவது ஹாரனின் வண்டி என்று அவளுக்குத் தெரியும், அவள் போட்ட சார்ட்தானே. ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா என்று மூன்று தடவை போனை எடுத்தாள். மூன்று தடவையும் கீழே வைத்தாள். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடித்து ஹாரன் உள்ளே வந்தார்.

"கைத்தடியோட ஒரு பெரியவர் ஏறினாரு. உங்கப்பாவாமே! பிரேக்கை மெதுவாப் போடு, இங்க ஹாரன் எதுக்கு, உனக்கு யாரு லைசென்ஸ் கொடுத்ததுன்னு மூணு ஸ்டாப்பும் என்னை உண்டு இல்லன்னு பண்ணிட்டாரு. எதிர்த்துப் பேச முடியுமா? ஞாயித்துக்கிழமை லீவு உங்க கையிலல்ல இருக்கு!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குச் சிரிப்பு மட்டும் காரணம் இல்லை.

நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். பதில் சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எல்லோரும் கத்திவிட்டார்கள், அம்மா மட்டும் பாக்கி. ஒரு வாரமாக அம்மா நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. சமையலறையில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேக்காத."

"என்னன்னு சொல்றதுக்குள்ள…"

"எனக்குத் தெரியும். கேட்டா போகாதன்னுதான் சொல்லுவேன். எனக்கு வேற மாதிரி சொல்ல வராது. நான் சொல்லிட்டா நீ இருந்துடுவ, அதுவும் எனக்குத் தெரியும். அதனால என்னைக் கேக்காத." கத்தி நிற்கவில்லை, பீன்ஸ் துண்டுகள் ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தன. "உனக்குப் போகணும்னு இருக்கு. முகத்துல எழுதி ஒட்டியிருக்கு. போ."

பெரியவள் ஒரு வாரமாக யாரிடமாவது கேட்டுவிடத் தவித்த "போகாதே" இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கேட்டால் கிடைத்துவிடும். அவள் கேட்கவில்லை. அங்கேயே, அம்மாவின் தோளில் தோள் படும்படி உட்கார்ந்து, செல்போனை எடுத்து "வருகிறேன்" என்று டைப் அடித்து அனுப்பினாள்.

"ஒண்ணாம் தேதி சேரணும்மா. இருபத்தொம்பதாம் தேதி ரயில்."

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலையிலயா, சாயங்காலமா?" என்று கேட்டாள்.

"காலையில. ஆறரைக்கு."

"நல்லதாப் போச்சு. சாயங்கால வண்டின்னா அன்னிக்குப் பகல் பூரா உன் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும்."