பூஜையில் இருந்த அரம்

தபால்காரர் அந்த அட்டையைக் கொடுத்தபோது மணி ஒன்றரை. சண்முகவடிவு சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வீரசோழன் ஊர் ஜவுளிக் கடைக்காரர் எழுதியிருந்தார். ரொம்ப மரியாதையான மனுஷர். நலம், நலமறிய ஆவல் எல்லாம் போட்டுவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்திருந்தார். தாங்கள் அனுப்பிய எட்டு விளக்குகளில் ஒன்றைத் துடைக்கப் போனால் சுள்ளென்று கையை இழுக்கிறது, நம்பர் 1412, வசதிப்படும்போது வந்து பார்க்கவும்.

நம்பரைப் பார்த்ததுமே வடிவுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்காமல் நோட்டை எடுத்துப் புரட்டினாள். 1401 முதல் 1424 வரை, ஆயுத பூஜை அன்று சாயங்காலம்.

ட்யூப்லைட்டும் அதன் சோக்கும் உட்காருகிற தகரக் கூட்டைத்தான் பட்டி என்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் சங்கரலிங்கம், அருப்புக்கோட்டையில் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து நாளைக்கு நாலு பட்டி மடக்கிக்கொண்டிருந்தார். இப்போது நாளொன்றுக்கு நாற்பது. மதுரைச் சரக்கு இவர்கள் சரக்கைவிடப் பளபளப்பாகத்தான் இருக்கும், அதை யார் இல்லை என்றது? ஆனால் மதுரைக்காரன் விற்றதோடு சரி. இங்கே ஒவ்வொரு பட்டியிலும் நம்பர் அடித்து, விலாசம் அச்சடித்த அஞ்சலட்டை ஒன்றையும் கட்டிக் கொடுப்பார்கள். விளக்கு மக்கர் பண்ணினால் அட்டையைப் போடவேண்டியது, இரண்டே நாளில் ஆள் வந்து நிற்கும். அட்டை, வடிவு கண்ட யோசனை. அதனால்தான் சுற்றுவட்டாரத்து மைக்செட்டுக்காரர்கள் அத்தனை பேரும் இவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

தப்பும் அவள் கண்டதுதான். ஆயுத பூஜை அன்று சாமான்களையெல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து நரிக்குடி மைக்செட்டு ஐயாத்துரை வந்து நின்றான். வாடகை வேன் காத்துக்கிடக்கிறது, பதினாறு பட்டி இப்பவே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வீரசோழன் சரக்கையும் அதே வேனில் ஏற்றிவிடலாம் என்றதும் சங்கரலிங்கம் சரி என்றுவிட்டார். திருப்புளியும் குறடும் பழசு ஒரு செட்டு வெளியே கிடந்தன. உருண்டை அரம் மட்டும் ஒன்றே ஒன்று, அது சாமிக்கு முன்னால் இருந்தது. தகரத்தில் ஒயர் நுழைகிற ஓட்டையைக் குத்தினால் அதன் விளிம்பு பிளேடு மாதிரி நிற்கும். அரம் போட்டு மழுக்கிய பிறகுதான் ஒயரை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயரின் தோலைச் சீவிவிடும்.

"அக்கா, அரத்த மட்டும் எடுத்துக்கிடவா?" என்று ஃபிட்டர் சின்னத்துரை அன்றைக்குக் கேட்கத்தான் செய்தான்.

"கும்புட்ட சாமான்ல கை வைக்கக் கூடாதுப்பா. ஒரு நா அரம் போடாட்டி ஒண்ணும் ஆயிறாது."

சொன்னது அவள்தான், அவள் வாய்தான். சாமி கேட்டதா அரத்தை? பக்தி முற்றிப்போனால் புத்தி எங்கே போய்விடுகிறது பாருங்கள்.

வீரசோழனில் எட்டு, கடைச் சுவரில் உயரத்தில் இருக்கின்றன. ஒரு ஆளை அனுப்பி மெயினை அணைக்கச் சொல்லலாம். ஐயாத்துரையின் பதினாறும்தான் அவளை உலுக்கியது. நரிக்குடிக்கு அடுத்த ஊரில் முத்துராமலிங்கம் வீட்டுக் கல்யாணத்துக்கு, மூங்கிலே இல்லாமல் முழுக்க இரும்புக் குழாயில் பந்தல் போடப்போகிறேன் என்று அவன் பெருமையடித்துவிட்டுப் போயிருந்தான். நாளைக்குக் காலையில் முகூர்த்தம். இன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் அடித்து, பூமியெல்லாம் சேறு. ஒரு பட்டியில் ஒயர் அறுந்து தகரத்தைத் தொட்டால் போதும், பந்தல் முழுக்கக் கரண்டுதான்.

சங்கரலிங்கத்திடம் அட்டையைக் காட்டினாள். அவர் இரண்டு தரம் படித்தார். வேர்த்துவிட்டது மனுஷருக்கு. ஆனாலும் யாவாரப் புத்தி விடுமா? கல்யாணம் முடியட்டும், நாளை மத்தியானம் சத்தமில்லாமல் பதினாறையும் மாற்றிக் கொடுத்துவிடுவோம் என்றார். கல்யாணப் பந்தலில் போய் எங்கள் சரக்கு ஆளைக் கொல்லும் என்று சொன்னால் தீபாவளி ஆர்டர் ஒன்றுகூட மிஞ்சாது, ஏழு வருஷப் பேரு ஒரே நாளில் போய்விடும் என்றார். அதுவும் நிஜம்தான்.

"பேரு போனா சம்பாரிச்சுக்கிடலாங்க. அந்தப் பந்தல்ல ஒரு உசுரு போச்சுன்னா எந்த அட்டைய எழுதிப் போட்டுத் திருப்பிக் கேக்கிறது?"

சங்கரலிங்கம் நரிக்குடி தபாலாபீசுக்கு டிரங்க் கால் போட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் வீரசோழனுக்குத் தாமே போவதாகச் சொல்லிச் சட்டையை மாட்டினார். வடிவு சின்னத்துரையைக் கூட்டிக்கொண்டு, அரத்தையும் ஒரு சுருள் ஒயரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

அந்த பஸ்ஸு உருண்ட உருட்டை என்னவென்று சொல்வது! திருச்சுழியில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடித்தார். வானம் கறுத்துக்கொண்டே வந்தது. இருட்டினால் சீக்கிரம் விளக்கைப் போட்டுவிடுவார்களே என்று அவளுக்கு உயிர் துடித்தது. பையிலிருந்த அரத்தின் பிடியில் பூஜைக் குங்குமம் இன்னும் காயாத மாதிரி சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுக் கும்பிடவும் தோன்றவில்லை, திட்டத்தான் தோன்றியது.

நரிக்குடி தாண்டி இறங்கியபோது மணி ஐந்தரை. ரோட்டிலிருந்து ஊருக்கு அரை மைல். கண்மாய்க் கரையில் சறுக்கிச் சறுக்கி நடந்தார்கள். தூரத்தில் ஊருக்கு நடுவே வெள்ளையாக வெளிச்சம் தெரிந்ததும் சின்னத்துரை நின்றுவிட்டான். போட்டுவிட்டார்கள்.

வடிவு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பந்தலின் ஓரத்துக் குழாயைச் சுற்றிப் பத்துப் பேர் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். விருந்துக்கென்று அந்தக் குழாயில் கட்டியிருந்த கிடாய், நாலு காலையும் விறைத்துக்கொண்டு கிடந்தது. பாம்பு பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்றார் ஒருவர். நல்லாத்தானே நின்றது என்றார் இன்னொருவர். கல்யாணப் பெண்ணின் அத்தை மூக்கம்மாள், பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு, கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

"தொடாதீக! கம்பத்தத் தொடாதீக!"

வடிவு கத்திய கத்தலில் மூக்கம்மாள் திடுக்கிட்டு நின்றாள். சின்னத்துரை ஒயர் போன திசையைப் பார்த்து வீட்டுக்குள் ஓடி மெயினை இறக்கினான். பந்தல் இருண்டது. மேளம் நின்றது.

பெண்ணின் தகப்பனார் முத்துராமலிங்கம் மீசை துடிக்க வந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஊர் எல்லைக்கு வந்துவிட்டார்கள், எவ பந்தலை இருட்டடித்தது என்று கேட்டார். ஐயாத்துரை ஓடி வந்து, இது நம்ம பட்டறை அக்காவாச்சே என்று விழித்தான். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மழையால் ஒயரில் கோளாறு என்றால் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஆயுத பூஜையையும், அரத்தையும், தான் வேண்டாமென்று சொன்னதையும்.

ஐயாத்துரைக்கு முகம் செத்துப்போனது. இனி இந்த வட்டாரத்தில் ஒரு மைக்செட்டுக்காரனும் உங்கள் வாசப்படி மிதிக்க மாட்டான் என்றான். அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

முத்துராமலிங்கம் கிடாயையும் மூக்கம்மாளின் ஈரக் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவரே போய் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டாரைக் கோவிலில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஏணி போட்டுப் பதினாறு பட்டியையும் இறக்கினார்கள். வடிவு ஓட்டைகளுக்கு அரம் போட, சின்னத்துரை புது ஒயர் இழுத்தான். ஏழாவது பட்டியில் ஒயரின் தோல் சீவிச் செம்பு தகரத்தோடு ஒட்டிக் கிடந்தது. அவள் அதை ஐயாத்துரையிடம் காட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த பட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான். எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் கட்டியபோது எட்டு மணி.

ஆனால் மெயினைப் போட யாரும் விடவில்லை. பெட்ரோமாக்ஸே போதும், அந்தச் சனியன் வேண்டாம் என்றார்கள் பெண்கள்.

"இப்ப சரியாயிருச்சுன்னு யாரு தாயி சொல்றது?" என்று முத்துராமலிங்கம் கேட்டார்.

வடிவு சேற்றில் வெறுங்காலோடு போய், கிடாய் கட்டியிருந்த அதே குழாயை ஈரக் கையால் பிடித்துக்கொண்டாள். சின்னத்துரை வேண்டாம் அக்கா என்றான். அவள் திரும்பிப் பார்க்காமல், போடு என்றாள்.

பதினாறும் எரிந்தன. ஊரே அவள் கையைப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"போதும் தாயி, கைய எடு," என்றார் முத்துராமலிங்கம்.

கை வரவில்லை. பிடிச்சிருச்சு பிடிச்சிருச்சு என்று யாரோ அலற, சின்னத்துரை ஓடிப்போய் மெயினை இறக்கினான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவள் அப்படியேதான் நின்றாள்.

"கரண்டு இல்லண்ணே," என்றாள் வடிவு. "பயம்தான். வெரலு வர மாட்டேங்குது."

முத்துராமலிங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சேற்றில் இறங்கி வந்து, அவள் கைக்கு மேலே ஒரு சாண் விட்டுக் குழாயைப் பிடித்தார். ஐயாத்துரை ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். பிறகு அவனும் வந்து எதிர்ப்பக்கத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டான்.

"போடுப்பா லைட்ட," என்றார் அவர்.

வெளிச்சம் வந்தது. இருவர் கைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் வடிவின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.